ஆண்டு அழிந்த காசு

அமெரிக்காவின் பழைய கால் டாலர் காசு ஒன்று. தலைப் பக்கத்தில் மதிலின் வாசலில் நிற்கும் சுதந்திர தேவி, ஒரு கையில் கேடயம், மறு கையில் ஒலிவக் கிளை. பூப் பக்கத்தில் பறக்கும் கழுகு. தேவியின் காலடியில் ஆண்டு இருக்கவேண்டிய இடம் மட்டும் வழவழப்பாகத் தேய்ந்து கிடக்கிறது. இந்தக் காசு வெறும் வெள்ளி விலைக்கும் போகலாம், ஆயிரம் டாலரைத் தாண்டியும் விற்கலாம். எது என்பதைச் சொல்லவேண்டிய எண்தான் காணாமல் போயிருக்கிறது.

சிற்பி ஹெர்மன் மக்நீல் வடிவமைத்த இந்தக் காசு 1916 முதல் 1930 வரை அச்சானது. அழகில் குறையே இல்லை. ஆனால் ஆண்டு எண்ணைப் பீடத்தின் மேல் புடைப்பாக வைத்துவிட்டார்கள். சட்டைப்பையிலும் கல்லாவிலும் உரசி முதலில் அழிந்தது அதுதான். 1925இல்தான் எண்ணைச் சற்றே பள்ளத்தில் இறக்கினார்கள். அதன்பின் வந்த காசுகளில் ஆண்டு தாக்குப்பிடித்தது. ஆகவே, ஆண்டு முழுவதும் தேய்ந்த காசு கையில் கிடைத்தால், பெரும்பாலும் அது 1924க்குள் அச்சானது.

அடுத்துப் பூப் பக்கத்துக் கழுகைப் பார்க்கவேண்டும். 1917 நடுவில் வடிவத்தை மாற்றியபோது கழுகுக்குக் கீழே மூன்று நட்சத்திரங்களைச் சேர்த்தார்கள். தேவியின் திறந்த மார்பையும் அப்போதுதான் போர்க்கவசத்தால் மூடினார்கள். கழுகின் கீழ் நட்சத்திரம் இருந்தால் 1916ஆம் ஆண்டுக் கனவை அங்கேயே விட்டுவிடலாம். இல்லையென்றால் மிஞ்சுவது இரண்டே ஆண்டுகள்: 1916, 1917.

இந்த இரண்டுக்கும் இடையில்தான் பணம் இருக்கிறது. 1916 டிசம்பர் பிற்பாதியில் ஃபிலடெல்ஃபியா நாணயச்சாலையில் அச்சானவை மொத்தம் 52,000 காசுகள்தான். மற்ற இரு சாலைகளான டென்வரும் சான் ஃபிரான்சிஸ்கோவும் அந்த ஆண்டு இந்தக் காசை அடிக்கவில்லை. எனவே ஆண்டுக்கு இடப்புறம் ‘டி’ அல்லது ‘எஸ்’ என்ற சின்னஞ்சிறு எழுத்தின் சுவடு தெரிந்தாலே அது 1917. எழுத்தும் இல்லையென்றால் உருப்பெருக்கியை எடுக்கவேண்டியதுதான். தேவியின் கூந்தல் செதுக்கலும், பாதத்தருகே ஆடை மடிப்பு முடியும் விதமும் இரண்டு ஆண்டுகளிலும் நுணுக்கமாக வேறுபடும். அனுபவசாலிகள் உறுதியாக அறிந்த காசை அருகில் வைத்து ஒப்பிட்டு இதைத் தீர்மானிக்கிறார்கள். ஆண்டே தெரியாத 1916 காசு ஆயிரம் டாலருக்கு மேல் போவது இந்தப் பொறுமைக்குக் கிடைக்கும் விலை.

இதே சிக்கல் 1913 முதல் 1938 வரை வந்த ஐந்து சென்ட் காசான ‘பஃபலோ நிக்க’லிலும் உண்டு. ஜேம்ஸ் ஏர்ல் ஃபிரேசர் செதுக்கிய அந்தக் காசின் ஒரு பக்கம் அமெரிக்கப் பூர்வகுடி மனிதரின் முகம், மறுபக்கம் காட்டெருமை. முதலில் வந்தவற்றில் எருமை ஒரு மேட்டின் மேல் நிற்கும். மதிப்பைச் சொல்லும் எழுத்துகள் அந்த மேட்டிலேயே இருந்து சீக்கிரம் தேய்ந்ததால், அதே ஆண்டிலேயே மேட்டை வெட்டிச் சமதரையாக்கிவிட்டார்கள். அதனால் மேட்டில் நிற்கும் எருமை இருந்தால் ஆண்டு தெரியாவிட்டாலும் அது 1913தான்.

எண்ணை மீட்கும் ஆசை பலரை ஃபெரிக் குளோரைடு என்ற ரசாயனத்தின் பக்கம் இழுக்கிறது. ஒரு சொட்டு விட்டால் நிக்கல் காசில் அழிந்த ஆண்டு மங்கலாக மேலெழும்பும். கூடவே, போகாத சொரசொரப்பான தழும்பும் வந்துவிடும். அப்படி மீட்ட காசைத் தரச்சான்று நிறுவனங்கள் சேதமடைந்ததாகவே எடுத்துக்கொள்கின்றன, விலையும் இறங்கிவிடுகிறது. காசைத் துலக்கப் புளி, பற்பசை, வெள்ளி மெருகு எதுவுமே கூடாது. நூறாண்டுக் கருமை காசுக்கு அழுக்கல்ல, அதன் தோல். உரித்தெடுத்தால் திரும்ப வராது.

இன்னும் பின்னே போனால், 1793இல் முதன்முதலாக அடித்த பெரிய செப்பு சென்ட். பின்புறம் பதினைந்து கண்ணிகள் கொண்ட சங்கிலி வளையம். சுதந்திரம் பெற்ற நாட்டின் காசில் சங்கிலியா என்று மக்கள் முகம் சுளிக்க, 36,103 காசுகளோடு அந்த வடிவம் நின்றுபோனது. தேவியின் முகமும் ஆண்டும் போய்ச் சங்கிலி மட்டும் மங்கலாகத் தெரிந்தாலும் அது 1793தான். வேறெந்த ஆண்டிலும் அந்தச் சங்கிலி வரவில்லை.

தேய்மானத்தை எண்ணால் அளக்கும் பழக்கமும் செப்பு சென்ட்டிலிருந்தே வந்தது. வில்லியம் ஷெல்டன் 1949இல் ஒன்றிலிருந்து எழுபது வரை படிகள் வகுத்தார். அடையாளம் மட்டும் மிஞ்சிய காசு 1, அச்சிலிருந்து இறங்கிய நிலையில் மாசற்றது 70. இன்று அமெரிக்கக் காசுகள் அனைத்துக்கும் அந்த அளவுகோல்தான். வியப்பு என்னவென்றால், ‘1’ என்ற தரத்தையே தேடிச் சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள். நேர்மையாகத் தேய்ந்து, ஆண்டும் வகையும் மட்டும் மிஞ்சிய காசுக்கு, அதைவிடச் சற்று நல்ல காசைக் காட்டிலும் கூடுதல் விலை கொடுப்பவர்கள் இவர்கள்.

வீட்டில் இப்படி ஆண்டு அழிந்த கால் டாலர் இருந்தால் முதலில் தராசில் வைக்கவேண்டும். புதிய வெள்ளிக் கால் டாலரின் எடை 6.25 கிராம், அதில் தொண்ணூறு சதவீதம் வெள்ளி. தேய்ந்தது சற்றுக் குறையலாம், கூடக்கூடாது. காந்தத்தில் ஒட்டினால் போலி. பிறகு விற்பவர் கேட்கும் விலையை விட்டுவிட்டு, அதே தரத்துக் காசு ஏலத்தில் உண்மையில் விற்ற விலையைப் பார்க்கவேண்டும். 1916 என்று சந்தேகம் வலுத்தால் மட்டும் தரச்சான்றுக்கு அனுப்பலாம். சாதாரணக் காசுக்கு அந்தக் கட்டணமே காசின் விலையைத் தாண்டிவிடும்.