பழைய காரும் பட்டறிவும்

கார் என்றால் செல்வர் வீட்டுப் பொருள் என்று நம் பெற்றோர் எண்ணியிருந்தார்கள். அந்த எண்ணத்துக்கு இன்று இடமில்லை. ஒரு நல்ல கைப்பேசியின் விலைக்கே, ஓடும் நிலையிலுள்ள பழைய கார் ஒன்றை மும்பையில் வாங்கிவிடலாம். ஆனால் விலை குறைந்த கார் வேறு, மலிவான கார் வேறு. இந்த வேறுபாட்டை அறியாமல் பணத்தை நீட்டியவர்கள் படும் பாட்டை நம் மாணவ நண்பர்களிடையேயே காணலாம்.

சான்பாடாவில் குடியிருக்கும் நான், கடந்த மூன்று ஆண்டுகளில் மூன்று பழைய கார்களை ஒன்றன்பின் ஒன்றாக வாங்கி, பழுது பார்த்து, ஓட்டி, விற்றிருக்கிறேன். அவற்றின் பெயர் இங்கே வேண்டியதில்லை. மூன்றும் 1,000 கன சென்டிமீட்டருக்கு மேற்படாத பெட்ரோல் எஞ்சின் கொண்ட சிறு வண்டிகள். படிப்பது விஞ்ஞானம், பொழுதுபோக்கு ஸ்பேனர். இரண்டும் ஒன்றுக்கொன்று உதவியதால் கிடைத்த அறிவை நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழைய காரைப் பழுது பார்த்துப் பழுது பார்த்து ஓட்டுவது நம் நகரத்துக்குப் புதிதன்று. வால்சந்த் ஹிராசந்த் 1944இல் தொடங்கிய பிரிமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனம் குர்லாவில்தான் கார்களை உருவாக்கியது. இத்தாலியின் ஃபியட் 1100இன் வழிவந்த பிரிமியர் பத்மினி, கறுப்பு மஞ்சள் டாக்ஸியாக மும்பையின் அடையாளமாகவே ஆகிவிட்டது. கடைசிப் பத்மினி டாக்ஸி 2003 அக்டோபர் 29 அன்று தார்தேவ் ஆர்.டி.ஓ.வில் பதிவாயிற்று. இங்கே டாக்ஸிகளுக்கு வயது வரம்பு 20 ஆண்டு. ஆகவே 2023 அக்டோபர் இறுதியோடு அந்த வகை டாக்ஸி நம் சாலைகளிலிருந்து விடைபெற்றது. எளிய எஞ்சின், கைக்கு எட்டும் உறுப்புகள், தெருவுக்குத் தெரு அதை அறிந்த மெக்கானிக்குகள் ஆகிய மூன்றுமே அதன் நீண்ட ஆயுளுக்குக் காரணம். பழைய கார் வாங்குவோர் இன்றும் மனத்தில் வைக்கவேண்டிய மூன்று தகுதிகள் இவையே. அரிய வெளிநாட்டுக் காரின் அழகில் மயங்காமல், ஊரில் நிறைய ஓடும் வண்டியைத் தேடுவது நலம். அதற்குத்தான் உதிரி உறுப்பு எளிதில் கிடைக்கும்.

நிற்க. பழைய கார்ச் சந்தையில் நல்ல வண்டிகள் ஏன் அரிதாக இருக்கின்றன? இந்தக் கேள்வியை ஒரு பொருளாதார அறிஞரே ஆராய்ந்திருக்கிறார். உள்ளே பழுதை மறைத்து வைத்திருக்கும் காரை அமெரிக்கர் பேச்சு வழக்கில் 'எலுமிச்சை' என்பார்கள். ஜார்ஜ் அகர்லாஃப் என்பவர் 1970இல் எலுமிச்சைச் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 2001இல் அவர் வேறிருவருடன் சேர்ந்து பொருளாதார நோபல் பரிசு பெற்றதற்கு அந்தக் கட்டுரையே முதற்காரணம்.

அவர் கருத்தை நம் கணக்கில் சொல்லிப் பார்ப்போம். சந்தையில் இரண்டு கார்கள் இருக்கின்றன. ஒன்று 80,000 ரூபாய் பெறும். மற்றொன்று 40,000தான் பெறும். வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றே. எது எதுவென்று விற்பவருக்குத் தெரியும்; வாங்குபவருக்குத் தெரியாது. ஆகவே வாங்குபவர் நடுவாக 60,000 தருகிறேன் என்கிறார். நல்ல காரின் சொந்தக்காரர் "போய் வாருங்கள்" என்று வண்டியை வீட்டுக்கு ஓட்டிச் சென்றுவிடுகிறார். சந்தையில் மிஞ்சுவது எலுமிச்சை மட்டுமே. இது தெரிந்ததும் வாங்குபவர் விலையை இன்னும் குறைக்கிறார். ஓரளவு நல்ல வண்டிகளும் விலகிவிடுகின்றன. ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாமலிருப்பதே நோய் என்றால், வாங்கும்போது நாமே தெரிந்துகொள்வதும், விற்கும்போது உள்ளதைச் சொல்லிவிடுவதுமே அதற்கு மருந்து. முதலில் தெரிந்துகொள்ளும் வழியைப் பார்ப்போம்.

வண்டியைப் பார்க்கப் போகும்போது காலை நேரத்தில் போங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனவுடன் பானெட்டின்மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால், நாம் வருமுன் ஒருமுறை ஓடவிட்டிருக்கிறார்கள் என்று பொருள். குளிர்ந்த எஞ்சின் உண்மையைச் சொல்லும். சூடான எஞ்சின் சிலவற்றை மறைக்கும்.

அடுத்து ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அதன் உட்புறத்தைப் பாருங்கள். பால் கலந்த காப்பி போன்ற படிவு கனமாக இருந்தால், குளிர்விக்கும் நீர் ஆயிலோடு கலந்திருக்கலாம். ஹெட் காஸ்கெட் போயிருப்பதன் அறிகுறி அது. பிறகு ஸ்டார்ட் செய்து சைலன்ஸரின் புகையைக் கவனியுங்கள். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. கரும்புகை என்றால் பெட்ரோல் மிகுதியாகப் போகிறது. எஞ்சின் சூடான பிறகும் அடர்ந்த வெண்புகை நிற்காவிட்டால் நீர் உள்ளே கசிகிறது. வோல்ட்மீட்டர் இருந்தால், ஓய்வில் பேட்டரி ஏறக்குறைய 12.6 வோல்ட்டும், எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட் அளவிலும் காட்ட வேண்டும். ஓடும்போதும் உயரவில்லையெனில் ஆல்டர்னேட்டரைச் சோதிக்க வேண்டும்.

நம் சான்பாடாவுக்கே உரிய பகைவன் ஒருவன் உண்டு. அவன் பெயர் துரு. தாணே கழிமுகத்தின் உப்புக் காற்று ஒரு புறம், நான்கு மாத மழை மறு புறம். இரும்பின் ஓரிடம் எலெக்ட்ரான்களை இழக்கிறது. வேறோர் இடத்தில் ஆக்சிஜன் அவற்றை ஏற்கிறது. உப்பு நீர் இடையே நின்று சுற்றை முடித்துவைக்கிறது. பாடப்புத்தகத்தில் நாம் வரையும் மின்கலமே காரின் கதவடியில் இரவு பகலாக வேலை செய்கிறது! விற்பவர் அந்தத் துருவின்மேல் பட்டி பூசிப் பெயின்ட் அடித்துவிடுவார். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டியதில்லை. ஒரு சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி உடல் நெடுகத் தடவிப் பாருங்கள். தகட்டில் ஒட்டும் காந்தம், கனமான பட்டியின்மேல் ஒட்டாது. கதவின் அடிவிளிம்பு, பேட்டரித் தட்டின் கீழ், கால் மிதிக்கும் தரை ஆகியவை தவறாமல் பார்க்கவேண்டிய இடங்கள்.

வெள்ளத்தில் நின்ற வண்டி இன்னும் ஆபத்தானது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்ததை நம் வீட்டுப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். அவ்வளவு இல்லாவிடினும், தாழ்வான பகுதிகளில் கார்கள் நீரில் நிற்பது மழைக்காலந்தோறும் நடப்பதுதான். அத்தகைய வண்டியை ஸ்டார்ட் செய்தால், சிலிண்டருக்குள் புகுந்த நீர் காற்றைப்போல் அமுங்காது; கனெக்டிங் ராடே வளைந்துவிடும். கழுவித் துடைத்த வெள்ளக்காரை அறிய, சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். எவரும் அவ்வளவு தூரம் இழுத்துத் துடைப்பதில்லை. சேற்றுக் கறையின் கோடு அங்கே இருக்கும். சீட் நகரும் தண்டவாளமும், விரிப்பின் அடியும் அவ்வாறே சாட்சி சொல்லும். ஒருமுறை நான் பார்க்கப்போன பளபளப்பான வண்டி ஒன்றில் அந்தக் கறை தோள் உயரத்தில் இருந்தது. பெல்ட்டைச் சுருட்டி வைத்துவிட்டு, வணக்கம் சொல்லித் திரும்பிவிட்டேன்.

கிலோமீட்டர் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். அதைத் திருத்துவோர் உண்டு. 30,000 கிலோமீட்டர் ஓடிய காரில் பெடலின் ரப்பர் தேய்ந்து வழவழப்பாகியிருக்க நியாயமில்லை. டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 3219 என்றால் 2019ஆம் ஆண்டின் 32ஆம் வாரத்தில் செய்தது. டயரின் கோடுகள் ஆழமாக இருந்தாலும், ரப்பர் வயதாகி வெடித்திருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

வாங்கிய பிறகு முதலில் எதைச் செய்வது? என் நண்பர்கள் பெயின்ட் என்பார்கள். சிலர் பாட்டுப் பெட்டி என்பார்கள். சான்பாடாவில் எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த திருநெல்வேலிக்கார அண்ணாச்சி ஒருவர், "தம்பி, ஓடாத வண்டியால யாருக்கும் ஆபத்தில்ல. நிக்காத வண்டிதான் ஆளக் கொல்லும். முதல்ல பிரேக்கப் பாரு" என்பார். அவர் சொல்லுக்குப் பின்னால் நல்ல விஞ்ஞானம் இருக்கிறது. பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 3 என்ற வகைத் திரவம் புதிதாக இருக்கையில் அதன் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிய நிலையில் அதற்கு வகுத்த அளவு 140 டிகிரிதான். கண்டாலா மலைப்பாதையில் இறங்கும்போது பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தால் சூடு ஏறித் திரவம் கொதிக்கும். நீராவி அமுங்கும் பொருள். ஆகவே பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது. சில நூறு ரூபாய் திரவத்துக்கு அஞ்சி உயிரைப் பணயம் வைப்பதா?

இனிச் செலவுக் கணக்கு. நான் வாங்கிய கடைசி வண்டிக்கு வயது 13. விலை 46,000 ரூபாய். பேட்டரி 3,800, இரண்டு டயர் 6,200, பிரேக் வேலை 4,700, ரேடியேட்டர் ஹோஸ், தெர்மோஸ்டாட், கூலன்ட் 2,300, டிங்கரிங், பெயின்ட் 5,500, ஆயில், ஃபில்ட்டர், ஸ்பார்க் பிளக் 2,400, பெயர் மாற்றம், இன்ஷூரன்ஸ் 4,100. ஆக மொத்தம் 75,000. விற்ற விலை 81,000. லாபம் 6,000 ரூபாய். நான் செலவிட்ட நேரம் 60 மணி. மணிக்கு 100 ரூபாய்! இதைவிட டியூஷன் சொல்லிக்கொடுத்தால் கூடுதலாகக் கிடைக்கும். ஆகவே பணத்துக்காக இதில் இறங்க எண்ணுவோர் ஒருமுறைக்கு இருமுறை கணக்குப் போடுங்கள்.

தாள்களைப் பற்றிச் சொல்லாவிட்டால் இக்கட்டுரை நிறைவுறாது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, ஒரே மாநிலத்துக்குள் விற்பவர் 14 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாட்களுக்குள் பெயர் மாற்றத்துக்கு எழுத வேண்டும். 29ஆம் படிவமும் 30ஆம் படிவமும் இதற்கென்றே உள்ளன. முந்தையவர் கடனில் வாங்கியிருந்தால், கடன் தீர்ந்ததற்கு 35ஆம் படிவமும் வேண்டும். வெளிமாநில வண்டி என்றால் தடையின்மைச் சான்றும் இங்கே கட்டவேண்டிய சாலை வரியும் உண்டு. நம் பகுதிக்கு வாஷி ஆர்.டி.ஓ.; எண் எம்.எச். 43. காரின் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். பிறகு ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். அதற்கான கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆயிற்று. 15 ஆண்டை நெருங்கும் கார் ஏன் திடீரென மலிகிறது என்பது இப்போது விளங்கும்.

"பெயர் மாற்றம் எதற்கு? கையெழுத்துப் போட்ட தாளை மட்டும் கொடுத்துவிடுங்கள்" என்று கேட்போர் பலர். இதற்கு ஒருபோதும் இணங்காதீர்கள். 2009இல் நடந்த ஒரு விபத்து வழக்கில், வண்டி பலர் கை மாறியிருந்தும் பதிவுப் புத்தகத்தில் பெயர் மாறவில்லை. பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டத்தின் பார்வையில் உரிமையாளர், இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாம் என்றோ விற்ற காரை, முகம் அறியாத ஒருவர் ஓட்டி விபத்து நேர்ந்தால் லட்சக்கணக்கில் நாம் கட்ட நேரும். மேலும், பழைய கார் வாங்கி விற்பதைத் தொழிலாகச் செய்வோர் அதற்கெனப் பதிவு அதிகாரியிடம் சான்று பெறவேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. என்னைப்போல் ஒரு வண்டியைத் தம் பெயருக்கு மாற்றி, ஓட்டி, பிறகு விற்பவருக்குப் பெயர் மாற்றமே பாதுகாப்பு.

விற்பனைக்கு நான் கையாளும் முறை எளிது. செய்த வேலைகளின் ரசீதுகளோடு, செய்யாத வேலைகளின் பட்டியலையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுவேன். கடைசி வண்டிக்கு எழுதியது: "ஏ.சி. குளிராது. பின்கதவின் அடியில் துரு ஒட்டுப் போட்டது. கிளட்ச் தேய்ந்துவருகிறது." வாங்க வந்தவர் துர்பே மார்க்கெட்டில் கணக்கெழுதும் ஒரு பெரியவர். தாளைப் படித்துவிட்டு, "தீபாவளிக்கு இதுலயே ஊருக்குப் போயிரலாமா தம்பி?" என்று கேட்டார். ஊர் நாகர்கோவில். "போகலாம்" என்ற ஒரு சொல்லுக்கு அவர் 90,000 தரத் தயாராக இருந்தார். "செம்பூருக்குப் போங்கள் ஐயா, மாட்டுங்காவில் கோயிலுக்குப் போங்கள், பன்வேல்கூடப் போகலாம். நாகர்கோவிலுக்கு மட்டும், கிளட்ச் மாற்றாமல் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போகாதீர்கள், ரயில் இருக்கிறது" என்றேன். கிளட்ச் செலவென்று 9,000 குறைத்து 81,000 தந்தார். இரண்டு மாதம் கழித்து அவருடைய தம்பி மகன் என்னைத் தேடி வந்தான். அவனுக்கும் ஒரு கார் வேண்டுமாம். நோபல் பரிசு பெற்றவரின் நோய்க்கு அந்தத் தாள் ஓரளவு மருந்தாயிற்று என்றே நினைக்கிறேன்.

பழைய கார் வாங்க எண்ணும் நண்பர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னை அழைக்கலாம். காந்தமும் துணியும் நான் கொண்டுவருவேன். பெட்ரோல் மட்டும் உங்கள் செலவு!