எல்லாருக்கும் பாட்டி!



உங்கள் தெருவில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு பாட்டி இருப்பாரே, கவனித்திருக்கிறீர்களா? திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, போகிறவர் வருகிறவரையெல்லாம் "சாப்பிட்டியாப்பா?" என்று கேட்பார். யார் வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல், யார் வீட்டு ஆடு குட்டி போட்டது என்பதெல்லாம் அவருக்குத்தான் முதலில் தெரியும். பொட்டிபுரத்திலும், போடி மலையடிவாரத்தில் உள்ள மற்ற ஊர்களிலும் இப்படிப்பட்ட பாட்டிகளுக்குப் பஞ்சமே இல்லை.

அப்படி ஓர் ஊருக்குப் பாட்டியாக இருந்து, பிறகு நாடே கொண்டாடிய ஒருவரைப் பற்றி இன்று தெரிந்துகொள்வோமா? அவர் பெயர் பாப்பம்மாள். கோவை மாவட்டத்தில், மேட்டுப்பாளையத்துக்கு அருகே, பவானி ஆற்றங்கரையில் தேக்கம்பட்டி என்று ஓர் ஊர் உண்டு. கோயில் யானைகளுக்குப் புத்துணர்வு முகாம் நடந்த ஊர் என்றால் உங்களில் சிலருக்கு நினைவு வரும். அந்த ஊர்தான் அவருடைய ஊர்.

பாப்பம்மாள் சின்னப் பெண்ணாக இருந்தபோதே அவருடைய அப்பாவும் அம்மாவும் இறந்துவிட்டார்கள். அந்தக் குழந்தையை வளர்த்தவர் யார் தெரியுமா? அவருடைய பாட்டி! தேக்கம்பட்டியில் பாட்டிக்கு ஒரு சிறிய மளிகைக் கடை இருந்தது. பாட்டிக்குப் பிறகு அந்தக் கடை பேத்தியின் கைக்கு வந்தது. கடையோடு சாப்பாட்டுக் கடை ஒன்றையும் அவர் நடத்தினார்.

கிராமத்தில் கடை நடத்துவது என்றால் சும்மாவா? சில்லறை எண்ணத் தெரிய வேண்டும். கடன் சொல்பவரிடம் கண்டிப்பாகவும் இருக்க வேண்டும், அவர் மனம் நோகாமலும் பேச வேண்டும். பசியோடு வருகிறவருக்கு முகம் சுளிக்காமல் பரிமாற வேண்டும். நான்கு பேரோடு பழகத் தெரியாதவரால் இதெல்லாம் முடியாது.

கடையில் கிடைத்த பணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து அவர் நிலம் வாங்கினார். ஏறக்குறைய 10 ஏக்கர்! பெண்கள் தம் பெயரில் நிலம் வாங்குவது அரிதாக இருந்த காலம் அது. அந்த நிலத்தில் தாமே இறங்கிப் பாடுபட்டார்.

அத்துடன் நின்றாரா? கோவையில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தோடு தொடர்பு வைத்துக்கொண்டார். அங்கே உழவர்களும் ஆய்வாளர்களும் சேர்ந்து பேசும் விவாதக் குழுக்களில் பங்கெடுத்தார். வயதான பிறகு இரண்டரை ஏக்கர் நிலத்தில் இயற்கை முறையில் பயிர் செய்தார்.

இயற்கை வேளாண்மை என்றால் என்ன? ரசாயன உரமும் பூச்சிமருந்தும் போடாமல், சாணம், தொழு உரம், இலைதழை, வேப்பம் புண்ணாக்கு போன்றவற்றைக் கொண்டு பயிர் வளர்ப்பது. உளுந்து, தட்டைப்பயறு போன்ற செடிகளைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்கும். அவற்றில் வாழும் நுண்ணுயிரிகள் காற்றில் உள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கின்றன. செடியே தனக்கு வேண்டிய உரத்தில் ஒரு பங்கைத் தேடிக்கொள்கிறது!

இன்னொரு செய்தி. பாப்பம்மாள் பிறந்தபோது நம் பகுதிப் பெண்களுக்கு ஓட்டுரிமையே கிடையாது. சென்னை மாகாணத்தில் 1921-ஆம் ஆண்டில்தான், அதுவும் சொத்து உள்ள சில பெண்களுக்கு மட்டும், அந்த உரிமை கிடைத்தது. ஓட்டுப் போட முடியாத காலத்தில் பிறந்த அந்தப் பெண், பின்னாளில் மக்களிடம் ஓட்டுக் கேட்டு வென்று தேக்கம்பட்டி ஊராட்சி உறுப்பினர் ஆனார். காரமடை ஊராட்சி ஒன்றியக் கவுன்சிலராகவும் இருந்தார். எவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறார், பாருங்கள்!

2021-இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. அப்போது அவருக்கு வயது 105 என்று செய்தித்தாள்கள் எழுதின. அந்த வயதிலும் வயலுக்குப் போகிறார் என்று படித்தவர்கள் மூக்கில் விரல் வைத்தார்கள். அந்த ஆண்டு பிப்ரவரி 25-ஆம் தேதி கோவைக்கு வந்த பிரதமர் நரேந்திர மோடி அவரைச் சந்தித்தார். அந்தப் படத்தை நாடே பார்த்தது.

2024 செப்டம்பர் 27 அன்று பாப்பம்மாள் பாட்டி காலமானார்.

குழந்தைகளே, அவருடைய கதை நமக்குத் தெரிகிறது. காரணம், பலர் அவரிடம் போய்க் கேட்டு எழுதி வைத்தார்கள். விருது வாங்காத பாட்டிகளின் கதையை யார் எழுதுவார்கள்?

நம் போடிப் பக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். விடிவதற்கு முன்பே ஜீப் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போன பாட்டிகள் எத்தனை பேர்! ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. தரையை ஒட்டிப் படர்ந்திருக்கும் சரத்தில்தான் காய்க்கும். எல்லாக் காயும் ஒரே நாளில் முதிராது. குனிந்து, முற்றிய காயை மட்டும் பார்த்துப் பறிக்க வேண்டும். ஊருக்கு வந்த காயைப் பெரிது, சிறிது என்று தரம் பிரிக்க வேண்டும். பல ஆண்டுப் பழக்கத்தில் வந்த அந்த அறிவு அவர்கள் கண்ணிலும் விரலிலும் இருக்கிறது. கேட்டு வைக்காவிட்டால் அது அவர்களோடு போய்விடும்.

அதனால் உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். இதற்கு மதிப்பெண் இல்லை, பயப்பட வேண்டாம்! ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு பாட்டியின் பக்கத்தில் உட்காருங்கள். உங்கள் வீட்டில் பாட்டி இல்லையா? பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் போங்கள். இந்த ஐந்து கேள்விகளைக் கேளுங்கள்.

1. சின்ன வயதில் உங்களை வளர்த்தது யார்?

2. எந்த வகுப்பு வரை படித்தீர்கள்? ஏன் நின்றீர்கள்?

3. முதன்முதலில் வாங்கிய கூலி எவ்வளவு? அதில் என்ன வாங்கினீர்கள்?

4. போடி ரயிலில் போயிருக்கிறீர்களா? (2010-ஆம் ஆண்டின் இறுதியில் நின்ற பழைய ரயில். அகலப் பாதையில் ரயில் மீண்டும் போடிக்கு வந்தது 2023 ஜூனில்தான்!)

5. உங்கள் உயிர்த் தோழி யார்? அவர் இப்போது எங்கே இருக்கிறார்?

இரண்டாவது கேள்விக்குச் சில பாட்டிகள் பதில் சொல்லாமல் சும்மா இருப்பார்கள். அவசரப்படாதீர்கள். கையைப் பிடித்துக்கொண்டு காத்திருங்கள். ஐந்தாவது கேள்விக்கு வரும்போது, அவர்களை நிறுத்துவதுதான் கஷ்டமாக இருக்கும்!

பரீட்சை முடியட்டும், லீவு விடட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். இன்று மாலையே தொடங்குங்கள். எழுதி முடித்ததும் பாட்டிக்கே உரக்கப் படித்துக் காட்டுங்கள். தப்பு இருந்தால் அவரே திருத்துவார். தப்பு இல்லாவிட்டாலும் இன்னும் இரண்டு கதை சேர்த்துச் சொல்வார்!