சிரித்த முகமும் ஒரு வேலைதான்



போன மாதம் காவேரிப்பாக்கத்தில் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். சேமிப்பு, கடன் தவணை எல்லாம் எழுதி முடித்த பிறகு ஒரு உறுப்பினர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "எம் பொண்ணு வேலவுட்டு வந்தா மூஞ்ச தூக்கி வச்சிக்கினு உக்காந்துக்குது மேடம். ஒரு வார்த்த பேசறதில்ல. கடையில மட்டும் நல்லா சிரிச்சிக்கினு இருக்குதாம்."

"துணிக்கடைக்குப் போனா திமிரு வந்துடும்" என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அந்தத் தாய்க்குக் கண் கலங்கிவிட்டது.

அந்தப் பெண்ணிடம் தனியாகப் பேசினேன். ஒரு வாடிக்கையாளர் நாற்பது புடவை எடுத்துப் போடச் சொல்லிவிட்டு, ஒன்றும் பிடிக்கவில்லை என்று எல்லோர் முன்னாலும் திட்டியிருக்கிறார். சூப்பர்வைசர் வந்து இவளைத்தான் மன்னிப்புக் கேட்க வைத்திருக்கிறார். "சிரிச்சிக்கினே சாரி சொன்னேங்க்கா. அழறதுக்குக்கூட நேரமில்ல, அடுத்த கஸ்டமர் வந்துட்டாங்க" என்றாள்.

இது திமிர் அல்ல தோழிகளே, களைப்பு.

உடம்பு வேலை, மன வேலை

நம் பக்கத்துப் பெண்கள் ராணிப்பேட்டை, ஆம்பூர் ஷூ கம்பெனிகளுக்குப் போவது நமக்குப் பழக்கம். அங்கே கையும் கண்ணும் உழைக்கின்றன. துணிக்கடை, நகைக்கடை, ஓட்டல், ஆஸ்பத்திரி வரவேற்பு மேசை போன்ற இடங்களில் முகமும் சேர்ந்து உழைக்க வேண்டும். உள்ளே கோபம் இருந்தாலும் வெளியே சிரிக்க வேண்டும்.

அமெரிக்காவைச் சேர்ந்த சமூகவியல் அறிஞர் ஆர்லி ஹாக்சைல்டு 1983-ல் இதைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். விமானப் பணிப்பெண்கள் சிரித்தாக வேண்டும். பாக்கி வசூலிப்பவர்கள் கடுகடுப்பாக இருந்தாக வேண்டும். இரண்டுமே சம்பளத்துக்காக மனதை வளைக்கும் உழைப்பு என்று அவர் சொன்னார். தவணை கட்டாத உறுப்பினர் வீட்டு வாசலில் போய் நின்ற ஊக்குநர்களுக்கு இது நன்றாகப் புரியும்!

உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று நாள் முழுக்க இருந்தால் மனம் சோர்ந்து போகும். தலைவலி, தூக்கமின்மை, காரணமில்லாத எரிச்சல், பிள்ளைகள் மேல் பாய்வது, எதிலும் பிடிப்பில்லாமல் போவது எல்லாம் வரலாம். கடையில் அடக்கிய கோபம் வீட்டில் வெடிக்கும். வீடுதான் பயமில்லாத இடம் என்பதால் அங்கே வெளியே வருகிறது.

பெண்கள் போராடிப் பெற்றது

2010-ல் வந்த 'அங்காடித் தெரு' படத்தில் சென்னை துணிக்கடைத் தொழிலாளர்களின் பாட்டைப் பார்த்திருப்பீர்கள். கால் கடுக்க நிற்பவருக்கு மனமும் சீக்கிரம் நொந்துபோகும். கேரளாவில் கோழிக்கோட்டைச் சேர்ந்த தையல் தொழிலாளி விஜி, கடைகளில் வேலை செய்யும் பெண்களைத் திரட்டிக் கழிப்பறைக்காகவும், உட்காரும் உரிமைக்காகவும் போராடினார். 2018-ல் அங்கே சட்டம் திருத்தப்பட்டது. தமிழ்நாட்டிலும் 2021-ல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. எல்லாக் கடைகளிலும் ஊழியர்கள் உட்கார இருக்கை வசதி இருக்க வேண்டும். இல்லையென்றால் தொழிலாளர் துறையில் புகார் செய்யலாம்.

வாடிக்கையாளர் கையைப் பிடிப்பது, ஆபாசமாகப் பேசுவது எல்லாம் "வியாபாரத்துல சகஜம்" கிடையாது. 2013-ம் ஆண்டுச் சட்டப்படி, வேலையிடத்துக்கு வந்து போகிறவர்களிடமிருந்தும் பெண் ஊழியருக்குப் பாதுகாப்பு கொடுப்பது முதலாளியின் கடமை. 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் புகார்க் குழு இருக்க வேண்டும். அதற்குக் குறைவாக இருந்தால் மாவட்ட அளவிலான குழுவிடம் போகலாம். மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும்.

நாம் என்ன செய்யலாம்?

* வேலைவிட்டு வந்ததும் "தண்ணி எடுத்தா, பாத்திரம் தேய்" என்று ஆரம்பிக்காதீர்கள். அரை மணி நேரம் சும்மா விடுங்கள்.
* "இன்னிக்கு யாராவது திட்டினாங்களா?" என்று கேளுங்கள். புத்தி சொல்லாமல் காது மட்டும் கொடுங்கள்.
* வேலைக்குப் போகும் பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளட்டும். நமக்கு மட்டும் நடக்கவில்லை என்று தெரிந்தாலே பாதி பாரம் குறையும்.
* இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே போனால் பைத்தியம் என்று அர்த்தமில்லை.
* "வாழவே பிடிக்கல" என்று சொன்னால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள், தனியாகவும் விடாதீர்கள். 14416 என்ற இலவச எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். பெண்கள் உதவிக்கு 181.

இன்னொன்று. நாமும் கடைக்குப் போகிறோம். தீபாவளிக்குப் புடவை எடுக்கும்போது எதிரே நிற்பவள் யார் வீட்டுப் பெண்ணோ! பிடிக்கவில்லை என்றால் "பரவாயில்லம்மா, வேற பாக்கறேன்" என்று சொன்னால் நமக்கு ஒரு பைசா குறையாது.

அந்தத் தாய் இப்போது, மகள் வந்ததும் ஒன்றும் கேட்காமல் ஒரு டம்ளர் டீ கொடுக்கிறாராம். "நாலாம் நாளு அதுவா வாயத் தொறந்து பேசுச்சி மேடம்" என்றார்.

அடுத்த குழுக் கூட்டத்தில் கடன் கணக்கு முடிந்த பிறகு பத்து நிமிடம் இதைப் பேசுங்கள். பேசியதைத் தீர்மான நோட்டில் எழுதி வையுங்கள்.