ராக்கெட் பறந்தாச்சு... கம்பியைத் துடைச்சாச்சா?

2024 ஆகஸ்ட் 24 அன்று, சென்னையை அடுத்த திருவிடந்தையில் நகரும் ஏவுதளத்திலிருந்து 'ரூமி-1' ராக்கெட் சீறிப் பாய்ந்தது. மாதிரி ராக்கெட் விடும் மாணவர்களுக்கும் ஓர் ஏவுதளம் உண்டு. ஒரு கம்பி, அடியில் ஒரு தகடு, பேட்டரிப் பெட்டி, அவ்வளவுதான். ஆனால், அதைச் சுத்தமாக வைப்பதில்தான் பாதுகாப்பே இருக்கிறது.

கருமருந்து எரிந்தபின் படியும் பொட்டாசியம் உப்புகள் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம்; இரும்புக் கம்பி சீக்கிரமே துருப்பிடித்துவிடும். ராக்கெட்டின் பக்கவாட்டில் ஸ்ட்ரா போல ஒட்டியிருக்கும் குழாய் அந்தத் துருவில் சிக்கினால், ராக்கெட் கம்பியிலேயே நின்று எரியும். அல்லது திசைமாறிப் பாயும்.

என்ன செய்யலாம்?

* கம்பியை அன்றே ஈரத்துணியால் துடைத்து, நன்கு உலர்த்துங்கள். துரு இருந்தால் மெல்லிய உப்புத்தாளால் தேயுங்கள்.
* எடுத்து வைக்கும்போது எண்ணெய் லேசாகத் தடவலாம். ஏவும் முன் துடைத்துவிட வேண்டும்; இல்லாவிட்டால் தூசி ஒட்டும்.
* பேட்டரியைக் கழற்றிவிட்டு, கிளிப்புகளின் கரியைச் சுரண்டுங்கள். கரி இருந்தால் மின்சாரம் பாயாது.
* தகடு வளைந்தோ ஓட்டை விழுந்தோ இருந்தால் மாற்றிவிடுங்கள்.

பட்டனை அழுத்தியும் பற்றவில்லையா? உடனே ஓடிப்போய்ப் பார்க்கக் கூடாது. பாதுகாப்புச் சாவியை எடுத்துவிட்டு, ஒரு நிமிடமாவது காத்திருக்க வேண்டும். உரிய அனுமதியும், அருகில் பெரியவர்களும் அவசியம்.

கம்பியின் நுனி கண்ணில் குத்திவிடாமல் இருக்க, ஏவாத நேரத்தில் அதற்கு ஒரு மூடி போட்டு வையுங்கள்!