வெளியேறும் வழியும் கட்டிட அமைப்பும்

ஒரு கட்டிடத்தினுள் நுழைய வழி இருந்தால் மட்டும் போதாது. ஆபத்து நேருங்கால் அதனின்று அனைவரும் வெளியேறவும் வழி இருத்தல் வேண்டும். கொல்கத்தாவில் டாக்குரியாப் பகுதியில் நிகழ்ந்த விபத்தொன்று இதனை நன்கு உணர்த்துகிறது.

2011ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் விடியுமுன், அன்று ஆம்ரி என்று வழங்கப்பட்ட மருத்துவமனையின் இணைப்புக் கட்டிடத்தில், நிலவறையில் தீப்பற்றியது. ஏறத்தாழ 90 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோரைக் கொன்றது நெருப்பன்று, புகையே. சூடான புகை இலேசானது. ஆதலால் கிடைத்த இடைவெளிகளின் வழியே மேல்மாடிகளுக்கு ஏறிவிடும். கண்ணாடி முகப்பால் மூடப்பட்டிருந்த கட்டிடத்தினின்று அது எளிதில் வெளியேறவில்லை. மீட்போர் கண்ணாடியை உடைக்க வேண்டியதாயிற்று. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, இரத்தத்தின் ஹீமோகுளோபினுடன் ஆக்சிஜனைக் காட்டிலும் 200 மடங்கிற்கு மேற்பட்ட நாட்டத்துடன் சேர்வது. எனவே உடல் ஆக்சிஜன் பெறாது தவிக்கிறது. நோயாளிகளைக் காப்பாற்ற முயன்ற கேரளச் செவிலியர் இருவரும் உயிர் துறந்தனர்.

படுக்கையினின்று எழ இயலாதவர் படிகளில் இறங்குவது எங்ஙனம்? தீவிபத்தின்போது சாதாரண மின்தூக்கியைப் பயன்படுத்தலும் ஆகாது. இதற்குரிய பரிகாரம் கட்டிட அமைப்பிலேயே உள்ளது. ஒவ்வொரு மாடியையும் தீத்தாங்கும் சுவர்களாலும் கதவுகளாலும் பகுதிகளாகப் பிரித்தால், நோயாளியைப் படுக்கையுடன் அதே மாடியின் அடுத்த பகுதிக்கு உருட்டிச் செல்லலாம். பின்னர் அவரைக் கீழிறக்குவதற்கு அவகாசம் கிடைக்கும். அபாய அறிவிப்பு ஒலியாகவும் ஒளியாகவும் இருப்பின், கண் பார்வையற்றோரும் செவிப்புலனற்றோரும் ஒருங்கே அறிவர்.

இத்தகைய அமைப்பு அனைவருக்குமான வடிவமைப்பு எனப்படும். மாற்றுத்திறனாளிகளுக்கே அன்றி, முதியோர், கருவுற்ற பெண்டிர், காலொடிந்தோர் ஆகியோர்க்கும் இது பயன்படும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, புதிய பொதுக் கட்டிடங்களோடு பழையவற்றையும் இவ்வகையில் திருத்தியமைக்கக் கோருகிறது.

சாய்தளத்தின் சரிவு 12க்கு 1 என்னும் அளவை மிகலாகாது என்பது பொது விதி. அதாவது, தரையினின்று 45 செ.மீ. உயர்ந்த பள்ளித் திண்ணைக்கு 540 செ.மீ. நீளமுள்ள சாய்தளம் வேண்டும். ஆசிரியர்கள் மாணவரைக் கொண்டே இதனை அளந்து பார்க்கச் செய்யலாம். களப்பணியாளர் ஒரு கட்டிடத்தைப் பார்வையிடும்போது, வெளியேறும் கதவு பூட்டப்படாமலும் வழியில் பொருள்கள் குவிக்கப்படாமலும் உள்ளனவா என்று முதலில் நோக்குதல் நலம். நடக்க இயலாத ஒருவர் அவ்வழியே வெளியேறக்கூடுமாயின், அவ்வழி ஏனையோர்க்கும் போதுமானதாகும்.