வடக்கு பார்த்த வாசலும் பாசி பிடிக்கும் மாதங்களும்

மேலைநாட்டு இதழ்களில் டிசம்பர் வந்தால் போதும், குளிர்காலத்தில் வீட்டு முகப்பை அழகாக வைத்திருப்பது எப்படி என்று எழுதத் தொடங்கிவிடுவார்கள். படியில் உறைந்த பனியை வழிக்க வேண்டும், கதவில் பச்சை இலை வளையம் தொங்கவிட வேண்டும் என்றெல்லாம் யோசனை சொல்வார்கள். ஜொகூர் பாருவில் நமக்கு வாய்த்த குளிர்காலம் நவம்பரில் தொடங்கி மார்ச் வரை இழுக்கும் வடகிழக்குப் பருவமழைதான். பனிக்குப் பதில் பாசி. தீபாவளிக்கு அடித்த சாயம் பொங்கலுக்குள் பச்சையாகி, அடுத்த மாதம் கறுத்துவிடுகிறது.

2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கியும் சிகாமட்டும் தண்ணீரில் கிடந்ததை நினைத்தால், சுவரில் பச்சை படிந்ததைப் பற்றிப் பேசவே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் வெள்ளம் வராத வீட்டிலும் இந்தப் பாசியால் ஆபத்து உண்டு.

எங்களுடையது ஒற்றைமாடி டெரஸ் வீடு, வடக்கு பார்த்த வாசல். வாங்கும்போது குபேரன் திசை என்று உறவுக்காரர்கள் எல்லோரும் மெச்சினார்கள். குபேரன் வந்தாரோ இல்லையோ, பாசி தவறாமல் வருகிறது. எதிர் வரிசை வீடுகளுக்கும் எங்கள் வயதுதான், மழையும் ஒன்றுதான். அவர்கள் சுவர் மட்டும் சீக்கிரம் காய்ந்துவிடும்.

காரணம் வானத்தில் இருக்கிறது. நம் ஊர் நிலநடுக்கோட்டுக்கு ஒன்றரைப் பாகை வடக்கே இருக்கிறது. மார்கழி நண்பகலில் சூரியன் நம் உச்சிக்கு ஏறக்குறைய 25 பாகை தெற்கே நிற்கிறது. காலையிலும் மாலையிலும்கூட அது தெற்கே சாய்ந்துதான் இருக்கும். அந்த மாதங்களில் வடக்குச் சுவரில் நேர் வெயில் ஒரு நிமிடம்கூடப் படாது. காற்றோ வடகிழக்கிலிருந்து வீசி, சாரலைக் கொண்டுவந்து அதே சுவரில் அடிக்கிறது. நனைவது முழுக்க, காய்வது அரைகுறை. மார்ச் கடைசியில் சூரியன் தலைக்கு மேல் வந்து வடக்கே நகர்ந்தால்தான் எங்கள் வாசலுக்கு வெயில். உத்தராயணம் பிறந்துவிட்டது என்று பொங்கலன்று சொல்கிறோம், எங்கள் சுவருக்கு அது இரண்டு மாதம் தள்ளித்தான் எட்டுகிறது.

அத்தைக்கு 74 வயது. மார்கழி முழுக்க விடியுமுன் வாசல் தெளித்துக் கோலம் போடுவார். இரண்டு வருடத்துக்கு முன் பின்தெருவில் ஒரு பெரியம்மா பாசி படிந்த தரையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, இன்றும் கோலூன்றித்தான் நடக்கிறார். அதைப் பார்த்ததிலிருந்து என் கணவர், “அம்மா, இந்த வருசம் ஸ்டிக்கர் கோலம் ஒட்டிக்கலாம்” என்று ஆரம்பித்தார்.

“ஒட்டுறதுக்கு நான் எதுக்கு எந்திரிக்கணும்?” என்று அத்தை கேட்டார். அதற்கு மேல் பேச்சில்லை. ஆகவே, தரையைச் சரிசெய்வது என்று முடிவானது.

பலர் வாட்டர் ஜெட்டுக்கு ஆள் கூப்பிடுகிறார்கள். அடித்ததும் பளிச்சென்று இருக்கும், பார்க்கவே திருப்திதான். ஆனால் பழைய சிமெண்ட்டின் மேல்தோலையும் டைல்ஸ் இடுக்குப் பூச்சையும் அது சேர்த்துப் பெயர்த்துவிடும். சொரசொரப்பான தரையில் அடுத்த பாசி இன்னும் நன்றாக வேர்விட்டதுபோல் பிடித்துக்கொள்ளும். நாங்கள் செய்வது பழைய முறை. முதலில் கெட்டித் துடைப்பத்தால் தேய்ப்போம். பிறகு குளோரோக்ஸ் மாதிரி பிளீச் ஒரு பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு கலந்து ஊற்றி, கால் மணி நேரம் ஊறவிட்டுத் தேய்த்து அலசுவோம். கையுறை கட்டாயம். துளசித் தொட்டியையும் மீன் தொட்டியையும் முன்கூட்டியே தள்ளி வைத்துவிட வேண்டும். கழிவறை கழுவும் அமிலத்தையோ வினிகரையோ பிளீச்சோடு சேர்க்கவே கூடாது, நச்சு வாயு கிளம்பும். “ரெண்டையும் கலந்தா நல்லாப் போகும்” என்று சொல்லும் அக்கம்பக்கத்து நிபுணர்களை நம்பாதீர்கள்.

கழுவுவதைவிட முக்கியமானது தண்ணீர் தேங்காமல் இருப்பது. ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். கால்வாய்ப் பக்கம் ஓடாமல் எங்கே குளமாக நிற்கிறதோ, அங்கேதான் பாசி முதலில் வரும். எங்கள் போர்ச்சில் அப்படி இரண்டு பள்ளங்கள் இருந்தன. சிமெண்ட் பூசி, ஒரு மீட்டருக்கு ஒன்றரை சென்டிமீட்டர் சரிவு வைத்தோம். பளபள டைல்ஸ் வேண்டாம் என்று நான் பிடிவாதமாக நின்றேன். கடையில் அழகாகத் தெரியும் அது ஈரத்தில் சோப்புக்கட்டிதான்.

சாயம் அடிப்பதை மட்டும் தள்ளிப்போடுங்கள். ஈரச் சுவரில், பாசியின் மேலேயே அடித்தால் சில மாதங்களில் கொப்பளித்து உரியும். மழை தணிந்து, சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு, பாசி எதிர்ப்புச் சாயமாகப் பார்த்து அடிக்கலாம். பொங்கலுக்குச் சுவர் கொஞ்சம் மங்கலாக இருந்தால் யாரும் பானையைத் திருப்பிக்கொண்டு போகப்போவதில்லை.

இதற்கெல்லாம் நேரம்? 2014 முதல் ஜொகூரில் வெள்ளி, சனி விடுமுறை. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் கணவருக்குச் சனி, ஞாயிறு. இருவரும் சேர்ந்து வீட்டில் இருந்தது வாரத்தில் ஒரே நாள். 2025 ஜனவரி முதல் இங்கும் சனி, ஞாயிறு ஆனதால்தான் தேய்க்க ஒருவர், ஊற்ற ஒருவர் என்று ஆள் கிடைக்கிறது.

செடி விஷயத்தில் ஒன்று. காகிதப்பூ மழை மாதங்களில் இலையாகத்தான் தள்ளும், அதை நம்பி வாசலை விட வேண்டாம். செம்பருத்தியும் இட்லிப்பூவும் மழையைத் தாங்கிப் பூக்கும். தொட்டிக்கு அடியில் தட்டு வேண்டாம். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறப்பதற்கு ஒரு வாரம், பத்து நாள் போதும். சுகாதாரத் துறையினர் சோதனைக்கு வந்து லார்வாவைக் கண்டால் அபராதம் வேறு.

விடியுமுன் பாலம் கடந்து இருட்டியபின் திரும்பும் வீடுகள் எங்கள் தாமானில் நிறைய. கேட்டில் செருகிய விளம்பரத் தாள்கள் ஊறித் தொங்க, இருண்டு கிடக்கும் வாசல் ஆளில்லை என்று திருடனுக்குச் சொல்லிவிடுகிறது. ஏழு மணிக்குத் தானே எரியும் ஒரு மஞ்சள் விளக்கும், தாள்களை எடுத்துப்போட ஒரு பக்கத்து வீட்டுக்காரரும் இருந்தால் போதும்.

இந்த மார்கழியில் அத்தை கோலத்தைப் போர்ச் கூரைக்குள் தள்ளிப் போடுகிறார், சாரல் எட்டாத இடமாகப் பார்த்து. பக்கத்தில் ஒரு முக்காலி, பிடித்து எழ. மிச்சம் இருப்பது கேட்டின் அடிக்கம்பி. துரு தண்டவாளத்துக்குப் பக்கத்திலிருந்துதான் ஏறுகிறது. பிப்ரவரியில் அதைச் சுரண்டி ரெட் ஆக்ஸைடு அடிக்க வேண்டும்.