காணித் தரகரும் பொதுப் பட்டியலும்

கல்முனைக்கு மேற்கே, கிட்டங்கி வழியாக நீர்ப்பரப்பைக் கடந்தால் வருவது நாவிதன்வெளி. வயல் சூழ்ந்த இப்பிரதேசத்திற் காணி வாங்க விழையும் ஒருவர் தரகர் மூவரை நாடினால், ஒரே காணியைப் பற்றி மூவேறு விவரங்களைப் பெறக்கூடும். ஒருவர் பரப்பை ஏக்கரிற் சொல்வார். மற்றவர் பேர்ச்சிற் சொல்வார். மூன்றாமவர் "நல்ல வயல்" என்பதோடு அமைந்துவிடுவார். ஓர் ஏக்கர் 160 பேர்ச் என்பதை அறிந்தவருக்கும், மூவரும் கூறுவது ஒரே நிலத்தையே என்பது எளிதிற் புலப்படாது.

இக்குறைக்கு அமெரிக்கத் தரகர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே வழி தேடினர். அவர்கள் தம் சங்கங்களிற் கூடி, தத்தம் கைவசமுள்ள சொத்துகளின் விவரங்களைப் பகிர்ந்துகொண்டனர். ஒருவர் பட்டியலிலிட்ட சொத்துக்கு மற்றொருவர் வாங்குவோரைக் கொணர்ந்தால், தரகுக் கூலியில் அவருக்கும் பங்கு உண்டு. இதுவே பொதுப் பட்டியல் முறையாக வளர்ந்தது. கூலிப் பங்கைப் பட்டியலிலேயே குறிக்கும் வழக்கம் 2024 ஆகஸ்டில் நீக்கப்பட்டது; விவரப் பகிர்வோ நீடிக்கிறது.

பட்டியல்கள் கணினிக்கு வந்தபோது புதிய இடர் தோன்றியது. ஊருக்கு ஊர் தலைப்புகள் வேறுபட்டமையால், ஒரு கணினி எழுதியதை மற்றொன்று விளங்கிக்கொள்ளவில்லை. ஆகவே, 1999 முதல் பொது விதிகள் வகுக்கப்பட்டன. பரப்பு, விலை, அமைவிடம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒரே பெயரும் ஒரே பொருளும் நிலைநாட்டப்பட்டன.

நாவிதன்வெளிக்கு இத்தகைய பட்டியல் வகுப்பதாயின், அதில் விலைக்கு முன் நிற்கவேண்டிய தலைப்பு ஒன்றுண்டு. அது காணியின் உரித்து. நொத்தாரிசு எழுதிய உறுதிக் காணியும், குடியேற்றத் திட்டங்களில் அரசு வழங்கிய காணியும் பார்வைக்கு ஒன்றே. சட்டத்திற்கு அவை வேறு. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அளிப்பாகப் பெற்ற காணியை, உரிய அதிகாரியின் எழுத்து மூலமான முன்னிசைவின்றிக் கைமாற்றினால் அக்கைமாற்றம் செல்லாது. இதனை மறைத்த விளம்பரத்தை நம்பி வாங்குபவர், பணத்தையும் இழந்து நிலத்தையும் இழக்க நேரிடும்.

தரகர் பட்டியல் எவ்வளவு செம்மையாயினும் அது உரித்துக்குச் சான்றாகாது. உறுதிக் காணியாயின் காணிப் பதிவகத்தின் ஏட்டையும், அரச காணியாயின் பிரதேச செயலகத்தின் பதிவையும் பார்த்தல் வேண்டும். எந்த ஏட்டில் எதனைத் தேடவேண்டும் என்பதைத் தெளிவாகக் காட்டும் பட்டியலே வாங்குவோர்க்குப் பயன் தரும்.